இழுப்பறையில் ஒளித்த கூந்தல் மாத்திரை

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். இந்த வரியை இந்த முறை மனதார எழுதுகிறேன், போன மாதம் போனில் நாலு தடவை இதையே சொன்னேனே, அது நாலும் பொய். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் சின்னவரோ சின்னவளோ அவரும், மூன்று பேரும் சுகமாக இருக்கவேண்டும். கால் வீக்கம் குறைந்ததா? உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொள், மாப்பிள்ளையிடம் சொன்னால் அவரே நாற்காலியை இழுத்துப் போடுவார், நீ சொல்லமாட்டாய், அதுதான் உன்னிடம் கெட்ட குணம், அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதே. ஏன் போன் பண்ணாமல் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், நான் பயந்துபோய் விஷயத்தில் பாதியை விழுங்கிவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேசமுடியாது. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். படம் எடுக்கிற சாக்கில் ஒரு வரி விடாமல் படிக்கத்தான் போகிறார், படிக்கட்டும், அவருடைய வண்டவாளமும் இதில்தான் இருக்கிறது. நீ பயப்படாமல் படி, கடைசியில் சிரிக்கத்தான் போகிறாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தைராய்டு தலைகால் புரியாமல் ஓடியது உனக்குத் தெரியும், ஆனால் நீ தொலைவில் இருந்ததால் அந்தக் கூத்தை முழுசாகப் பார்க்கவில்லை. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பியைப் போட்டு விரட்டுகிறது, அது ராத்திரி பகல் பார்க்காமல் சுரந்து தள்ளுகிறது என்று டாக்டர் சொன்னார். நமக்குக் காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி. அப்போதெல்லாம் நான் ஒரு வாரத்தில் மூன்று தடவை பீரோவைக் கலைத்து அடுக்கினேன். கடையில் ஒரு அம்மாவுக்கு முடி வெட்டினேன், கை நடுங்கிய நடுக்கத்தில் இடது பக்கம் தோள்வரை, வலது பக்கம் காதுவரை நின்றுவிட்டது, அந்த அம்மா புதுசா இருக்கே இந்த ஸ்டைலு என்று சந்தோஷமாகப் போனார், எனக்குத்தான் அழுகை வந்தது. அப்பா தும்மினால்கூடச் சண்டைக்குப் போனேன். பிறகுதான் அந்தக் கதிர்வீச்சு அயோடின் மருந்தை விழுங்கவைத்தார்கள், சுரப்பி அடங்கியது, அடியோடு அடங்கிவிட்டது, அது செய்யவேண்டிய வேலையை இப்போது தினமும் ஒரு மாத்திரை செய்கிறது. அந்த மருந்து சாப்பிட்ட வாரம் நீ அலறியடித்துக்கொண்டு வந்தாய். நாலே நாள் லீவு. நானோ பின்னறையில் தனியாக. என் உடம்பிலிருந்து கதிர் வரும், பக்கத்தில் யாரும் வரக்கூடாது, அதிலும் குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் கிட்டவே வரக்கூடாது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நீ வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாய், நான் கட்டிலில் உட்கார்ந்து பேசினேன், அப்பா டேப் எடுத்து வந்து இடைவெளியை அளந்து தரையில் ஒரு கோடு போட்டார். நாலாம் நாள் கை ஆட்டிவிட்டுப் போனாய். உன்னைத் தொடவே இல்லை. அதன்பிறகு இன்றைக்குவரை தொடவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மாத்திரை அளவு ஒத்துப்போன பிறகு நான் பழைய மனுஷியாகிவிட்டேன் என்று நீயே சொன்னாய். கை நடுக்கம் நின்றது, கோணலில்லாமல் வெட்டினேன், அப்பா தாராளமாகத் தும்மினார். முடி மட்டும் திரும்பி வரவில்லை. நோய் இருந்தபோது கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு நிதானமாகக் கொட்டியது, ஆனால் கொட்டியது. ஊருக்கெல்லாம் முடி அலங்காரம் பண்ணுகிறவள், தன் தலையில் சீப்பு வைக்கப் பயந்தேன். கண்ணாடி முன்னால் ஒன்பது மணி நேரம் நிற்கிற தொழில், வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பின்னாலேயே என் வகிடும் தெரியும், நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போன வகிடு. நம் கடையில் நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பெயின்ட்டில் எழுதிய போர்டு இன்னும் மாட்டியிருக்கிறது, "கூந்தலுக்கு மாத்திரை மந்திரம் இங்கே கிடையாது, முடி கொட்டினால் டாக்டரைப் பாருங்கள்". அந்தப் போர்டினால் எனக்கு எவ்வளவு பெயர் தெரியுமா. என்னுடைய தைராய்டு டாக்டரே நம் கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறார், முதல் தடவை வந்தபோது போர்டைப் படித்துவிட்டு, இதை எங்க ஆஸ்பத்திரியில மாட்டணும்மா, நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொல்றீங்க என்றார். நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த வாயால்தான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஷாம்பு கம்பெனி ஏஜென்ட் மாதம் ஒரு தடவை வருவாரே, வாயைத் திறந்தால் மூட மறந்துவிடும் அந்த மனிதர், அவர் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு டப்பா கூந்தல் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் சார், போர்டைப் பாருங்க என்றேன். விக்க வேண்டாம்மா, நீங்க போட்டுப் பாருங்க, வெறும் வைட்டமின்தான் என்றார். அவர் போனதும் டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டேன். சாயங்காலம் கூடையிலிருந்து எடுத்தேன். முடி சுருட்டுகிற உருளைகள் கிடக்கும் அடி இழுப்பறையில், உருளைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, தினமும் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒன்று விழுங்கினேன். பக்கத்து நாற்காலிக்காரி, அவள்தான் நம் புருவக்காரி, பதினாறு வருஷமாக ஒரே கூரையின்கீழ் நான் முடி, அவள் புருவம், அவளுக்குக்கூடத் தெரியாது. ஏன் இந்தத் திருட்டு என்று கேட்கிறாயா. நீ அப்போதுதான் குழந்தை விஷயம் சொல்லியிருந்தாய். பிறந்ததும் எல்லோரும் படம் எடுப்பார்கள், அந்தப் படம் காலத்துக்கும் இருக்கும், அதில் பாட்டியின் தலையில் நாலு முடியாவது இருக்கட்டும் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

முதல் டப்பா முடியும் சமயத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனை வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். தைராய்டு ஏகத்துக்கு அதிகமாகக் காட்டுகிறது, மாத்திரை அளவு கூடிவிட்டதுபோல என்று பாதியாகக் குறைத்தார். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால் இன்னும் அதிகம். இங்கேதான் வேடிக்கை. ரிப்போர்ட்படி நான் ரயில் மாதிரி ஓடவேண்டும், நானோ நின்ற இடத்தில் தூங்கினேன். கடையில் எல்லோரும் ஃபேன் கேட்க நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன். பேங்கில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே அவர் தலையில் கையை வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன், நல்லவேளை அவரும் தூங்கிவிட்டார், புருவக்காரி வந்து இரண்டு பேரையும் எழுப்பினாள். முகம் உப்பியது, மோதிரம் விரலில் சிக்கியது, பேச்சு இழுத்தது. நீகூடப் போனில் என்னம்மா குரல் கனமா இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். எனக்கே என் உடம்பின்மேல் சந்தேகம் வந்ததே தவிர அந்த ரிப்போர்ட்டின்மேல் வரவில்லை. அச்சடித்த காகிதம் பொய் சொல்லுமா என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டுக்குப் பிறகு டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு இடி மாதிரிதான் விழுந்தது. சுரப்பியில் ஏதோ ஒரு துண்டு பிழைத்துக்கொண்டு மறுபடி வளர்ந்திருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அப்படித்தான் என்றால் இன்னொரு தடவை அந்த அயோடின் மருந்து கொடுக்கவேண்டிவரும் என்றார். மருந்து சாப்பிட்டபின் எத்தனை நாள் பிள்ளைகளைத் தூக்கக்கூடாது டாக்டர் என்று கேட்டேன். சில வாரம் கைக்குழந்தை பக்கமே போகக்கூடாது என்றார். உனக்குச் சொன்ன பிரசவத் தேதியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டேன். ஸ்கேன், மருந்து, தனியறை, பிறகு காத்திருக்கும் வாரங்கள், எப்படிக் கூட்டினாலும் குழந்தை பிறக்கும்போது நான் இங்கே பின்னறைக் கட்டிலில். மகளைத்தான் வாசற்படியில் நிறுத்தினேன், பேரப்பிள்ளையையும் அப்படியே நிறுத்துவதா. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பையை இறக்கிவைத்தார், நேராகப் பின்னறைக்குப் போனார், பழைய பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வெளியில் வைத்து, கட்டிலைத் துடைத்து, ஜன்னல் கொக்கியை மாட்டினார். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரம்தான் நீ டிக்கெட் எடுத்தாச்சாம்மா என்று கேட்டாய், நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது. நீ இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டாக்டர் கூப்பிட்டிருந்தார், நானும் அப்பாவும் போனோம். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் சாவகாசமாக எழுந்து சாவகாசமாக இறங்கியது. ரிப்போர்ட்டை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். இந்தப் பேப்பர்ல இருக்கிற ஆளும் நீங்களும் ஒரே ஆள் இல்லையேம்மா என்றார். பிறகு, நான் போன தடவையே கேட்டிருக்கணும், வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா, சத்து மாத்திரை, முடிக்கு, நகத்துக்கு, அந்த மாதிரி? என்றார். எதிரே இருப்பவர் யார், என் போர்டைப் பார்த்து நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொல்றீங்க என்றவர். வாய் தானாகவே சொல்லிவிட்டது, முடிக்கா, நானா, என் கடையில போர்டே வச்சிருக்கேனே டாக்டர் என்று. சொல்லி ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என் பேரப்பிள்ளையைத் தூக்குவதா இல்லையா என்பது அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் என் கௌரவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் உன் அப்பா தொண்டையைக் கனைத்தார். டாக்டர், அவ சாப்பிடறா, தினமும் ஒண்ணு, உருளை கிடக்கிற டிராயர்ல இருக்கு என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன், டாக்டர் கேட்கவேண்டிய கேள்வியை நானே கேட்டேன் பார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, போன மாசத்துக்கு முந்தின மாசம் கடை ஏ.சி.யைப் பிரிச்சேனே, அன்னைக்கு ஸ்க்ரூ ஒண்ணு உருண்டு டிராயருக்குள்ள போயிடுச்சு, தேடினப்ப டப்பா கிடைச்சது, அதுலருந்து நானும் தினம் ஒண்ணு போட்டுக்கிட்டு இருக்கேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் வழுக்கையை ஒரு தடவை தடவிக்கொண்டார். கண்ணு, நீ அந்த டாக்டர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஒரு டப்பா இருபது நாளில் எப்படித் தீர்ந்தது என்று. ஞாபகமறதியில் நானே இரண்டிரண்டாக விழுங்கிவிட்டேன், தைராய்டு மூளைக்கு ஏறிவிட்டது என்று ஒரு மாதம் பயந்து செத்தேனே, எல்லாம் இந்த மனிதரின் கைவரிசை. ஏஜென்ட்டிடம் சொல்லி இரண்டாவது டப்பா, மூன்றாவது டப்பா என்று வரவழைத்து ஊரே சாப்பிடும் அளவுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகத் திருடித் தின்றிருக்கிறோம்.

டாக்டர் சிரித்து ஓய்ந்தபின் டப்பாவின் படத்தைப் போனில் தேடிப் பார்த்து, இதுல பயோட்டின் நிறைய இருக்கும்மா என்றார். அது ஒரு சாதாரண வைட்டமின்தான், உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் தைராய்டைச் சோதிக்கிற சில மெஷின்களுக்கு அது ரத்தத்தில் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடுமாம், குறைவாக இருப்பதை அதிகமாகக் காட்டுமாம். உங்க உடம்பு சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, மெஷினைத்தான் நீங்க ஏமாத்திட்டீங்க, அதை நம்பி நான் மாத்திரையைக் குறைச்சேன், அதான் இந்தத் தூக்கமும் வீக்கமும் என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வாரம் அதை நிறுத்துங்க, திரும்ப ரத்தம் எடுப்போம், அப்பதான் உறுதியாச் சொல்லமுடியும் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து படியிறங்கும்போது அப்பாவிடம், டாக்டர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே என்று சும்மா ஒப்புக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், தெருவில், பட்டப்பகலில், முப்பத்திரண்டு வருஷத்தில் செய்யாத காரியம். மானம் போனா போகுது, என் வழுக்கையும் இருந்துட்டுப் போகுது, நீ குழந்தையைத் தூக்கணும் என்றார். பஸ் வந்தும் ஏறாமல் அங்கேயே நின்றோம், அடுத்த பஸ்ஸில் வந்தோம்.

அந்த ஒரு வாரம் ஏழு நாள் இல்லை, எழுபது நாள். நேற்று மத்தியானம் ரிசல்ட் வந்தது. நான் ஒரு வாடிக்கையாளருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன், கையுறையோடு போனை எடுக்கமுடியாது, புருவக்காரிதான் எடுத்துக் காதில் வைத்துப் பிடித்தாள். டாக்டரே பேசினார். நோய் திரும்பவில்லை. பிழைத்த துண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தைராய்டு குறைவாகத்தான் இருக்கிறது, பழைய அளவு மாத்திரையையே மறுபடி போட்டால் சில வாரத்தில் சரியாகிவிடும், ஸ்கேனும் வேண்டாம், அயோடினும் வேண்டாம், போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுங்க என்றார். நான் சாயக் கையோடு புருவக்காரியைக் கட்டிக்கொண்டேன், அவளுடைய வெள்ளைச் சட்டையில் என் பத்து விரலும் கருப்பாக இருக்கிறது, அதைத் துவைக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். சாயம் பூசிக்கொண்டிருந்த அம்மா என்ன விசேஷம் என்று கேட்டார், அவரையும் கட்டிக்கொள்ளப் போனேன், நல்லவேளை தடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்தால், யாரோ ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் படுத்திருந்தவர் சடக்கென்று எழுந்து தலையை இடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்காரர் ஐஸ் கட்டி எடுக்கலாம் என்றால் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். வழுக்கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், முடிதான் முளைக்கவில்லை, இதாவது முளைத்ததே என்று காலையில் கண்ணாடி பார்த்துச் சொல்லிக்கொள்கிறார்.

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் புருவக்காரியிடம் இழுப்பறை விஷயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பதினாறு வருஷமா என் புருவத்தைக்கூட நீ எடுத்துவிடற, என்கிட்டயா மறைச்ச என்று ஒரு பிடி பிடித்தாள். பிறகு கத்தரியை அவள் கையில் கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்துவரை வெட்டு என்றேன். நான் புருவம்தான் வெட்டுவேன் என்று பயந்தாள், நான் கண்ணாடியில் பார்த்துச் சொல்லச் சொல்ல வெட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பின்னலாக இழுத்துக் கட்டும்போது எலிவால் மாதிரி தெரிந்த முடி, வெட்டியபின் நிறைய இருப்பது போலத் தெரிகிறது, இதே யோசனையை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அளவு சரியானால் முடி தானாக வளரும், கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று டாக்டரும் சொன்னார். அதனால் நீ விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பும்போது, கட்டை முடியோடு குண்டு முகமாக ஓர் அம்மா வருவார், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவை. ஆம், டிக்கெட் எடுத்தாயிற்று, உனக்குச் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் வந்துவிடுவேன். கடையைப் புருவக்காரி பார்த்துக்கொள்வாள், அவளுக்கு உதவியாக அவள் நாத்தனார் வருகிறாள். அப்பா பத்து நாள் கழித்து வருகிறார், வரும்போது உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது என்றாயே, அதற்கான சாமான்களையும் கொண்டுவருவார், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் உண்மையில் இந்தக் கடிதம். உனக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள் என்று போன் செய்தாய், குடும்பத்துல யாருக்காவது தைராய்டு உண்டான்னு கேட்டிருக்காங்கம்மா, உனக்கு இருக்கிறதை எழுதட்டுமா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? அது எனக்கு வந்தது, உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, இல்லைன்னு போட்டுடு என்றேன். நீயும் அம்மா சொல்கிறாளே என்று போட்டுவிட்டாய். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்றால், நான் உனக்கு மூக்கைக் கொடுத்தேன், பிடிவாதத்தைக் கொடுத்தேன், இந்த நோயையும் கொடுத்தேன் என்று உன் கையாலேயே எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் நேற்று இதையும் கேட்டேன். இது குடும்பத்துல வர வாய்ப்பு உண்டு, வந்தே தீரும்னு இல்லை, ஆனா கர்ப்பத்துலயும் பிரசவம் ஆனதுக்கு அப்புறமும் ஒரு கண்ணு வச்சிருக்கணும், ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான், உடனே சொல்லச் சொல்லுங்க என்றார். எனவே இதைப் படித்த உடனே, நாளைக்கு என்று தள்ளாமல், உங்கள் டாக்டருக்குப் போன் செய்து படிவத்தைத் திருத்தச் சொல். அம்மாவுக்கு இருக்கிறது, அம்மாதான் மறைக்கச் சொன்னாள் என்று சொல், பழி என்மேல் வரட்டும். நீ சாப்பிடும் வைட்டமின் டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டு. குழந்தை பிறந்தபிறகு நெஞ்சு படபடப்போ, தாங்கமுடியாத அசதியோ, காரணமில்லாத அழுகையோ வந்தால் பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதே, ரத்தம் எடுத்துப் பார். ஒரு பொய் என்னை உன் குழந்தையிடமிருந்து தள்ளி நிறுத்தப் பார்த்தது. இன்னொரு பொய்யை உன் பக்கத்தில் நான் விட்டுவைக்கமாட்டேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சித்தப்பா ஐம்பத்து நாலு வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறார், குளத்தின் ஆழமில்லாத மூலையிலேயே மூன்று வாரமாக நிற்கிறாராம், தண்ணீருக்குப் பயமில்லை, தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்கிறார். மேல்வீட்டுக்காரர் பால்கனிச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் இப்போதும் நம் துணிமேல்தான் விழுகிறது. உனக்கு இங்கிருந்து ஏதாவது வேண்டுமானால் எழுது, பெட்டியில் இடம் இருக்கிறது, அப்பாவின் ஸ்க்ரூடிரைவர்களை நான் தூக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். உனக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஒரு குறையும் வராது, நல்லபடியாகப் பிறந்து, நல்லபடியாக வளர்ந்து, நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். நான் விடிகாலை ஐந்தரைக்கு என் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவேன், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காபிகூடக் குடிக்கக்கூடாது, இரண்டு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து கழித்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்த நேரத்துத் தூக்கம்தான் தூக்கம். ஐந்தரைக்கு நான் வந்து கதவைத் தட்டுவேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நீ போய்த் தூங்கு.

உன் அன்புள்ள,
அம்மா

(அப்பா எழுதுவது: எல்லாவற்றையும் படித்தேன். உச்சந்தலையில் மூன்று முடி வந்திருக்கிறது, அம்மா அதை எழுதவில்லை.)